பொதுக் கட்டடங்களில் தொடு தரைப்பட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை, ரயில் நிலையம், ஆட்சியர் அலுவலகம், நூலகம், வங்கி போன்ற இடங்களைக் கட்டுபவர்களும் நிர்வகிப்பவர்களும் அங்கு வந்து செல்பவர்களும் தரையில் உள்ள மஞ்சள் நிறப் புடைப்புப் பட்டைகளைப் பற்றிப் பல கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. இந்தியச் சட்டமும் இந்தியக் கட்டடங்களும் முதன்மையாகக் கருத்தில் கொள்ளப்பட்டுள்ளன. பிற நாடுகளின் நடைமுறை தேவையான இடங்களில் மட்டும் வருகிறது.

இந்தப் பட்டைகள் எதற்காக, யாருக்காகப் பதிக்கப்படுகின்றன?

பார்வையற்றவர்களும் பார்வைக் குறைபாடு உடையவர்களும் பிறர் கையைப் பிடிக்காமல் வழி அறிந்து நடப்பதற்காக இவை பதிக்கப்படுகின்றன. தரையிலிருந்து சுமார் 5 மி.மீ. உயர்ந்து நிற்கும் புடைப்புகளை வெள்ளைக்கோலின் நுனியாலும் காலணியின் அடிப்பகுதி வழியாகப் பாதத்தாலும் உணர முடியும். பார்வை ஓரளவு எஞ்சியிருப்பவர்கள் அவற்றைக் கண்ணாலும் பின்தொடர்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் உறவினரைத் துணைக்கு அழைக்காமல் தானே மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாரா என்பதைப் பல நேரங்களில் இந்தத் தரைதான் தீர்மானிக்கிறது.

கோடுகள் உள்ள பட்டையும் புள்ளிகள் உள்ள பட்டையும் எப்படி வேறுபடுகின்றன?

நீளக் கோடுகள் உள்ள டைல், கோடுகள் செல்லும் திசையில் நடக்கலாம் என்று சொல்கிறது. புள்ளிகள் உள்ள டைல் நிற்கச் சொல்கிறது: முன்னே படிக்கட்டு, நடைமேடை விளிம்பு, சாலை, கதவு, பாதை திரும்பும் இடம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது, நின்று கவனித்த பிறகு அடுத்த அடியை எடுத்து வையுங்கள் என்பது அதன் பொருள். இந்த முறையில் உள்ளவை இந்த இரண்டு குறிகள் மட்டுமே. ஆகவே ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பதித்தால், நடப்பவரிடம் தவறான செய்தியைச் சொன்னதாகிவிடும். அழகுக்காகத் தாழ்வாரம் முழுவதும் புள்ளி டைல் பதித்த கட்டடங்கள் நம் ஊர்களில் உண்டு. அங்கு நடப்பவருக்கு ஒவ்வோர் அடியிலும் எச்சரிக்கை வருகிறது. உண்மையான ஆபத்து வரும்போது அதை அறிவிக்க வேறு குறி எதுவும் மிச்சமில்லை.

அந்தப் புள்ளிகள் பிரெய்ல் எழுத்துகளா?

இல்லை. அவற்றில் எழுதப்பட்ட செய்தி எதுவும் கிடையாது. பிரெய்ல் எழுத்துகள் சுவரில், கைப்பிடியில், மின்தூக்கியின் பொத்தானில் இருக்க வேண்டியவை.

இந்த முறை எங்கே தோன்றியது?

ஜப்பானில். ஒகயாமா நகரில் தங்கும் விடுதி நடத்திவந்த செயிச்சி மியாகே என்பவர், பார்வையை இழந்துகொண்டிருந்த நண்பர் ஒருவருக்கு உதவும் எண்ணத்தில் 1965-இல் இந்தப் புடைப்புக் கற்களை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே, நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. 1970-இல் ஒசாகாவின் அபிகோச்சோ ரயில் நிலையத்தின் நடைமேடைக்கு வந்தன. ஆனால் ரயில் நிலையங்களில் அவை பரவலாவதற்கு ஓர் உயிரிழப்பும் நீண்ட வழக்கும் தேவைப்பட்டன. 1973-இல் டோக்கியோவின் தகாதனோபாபா நிலையத்தில், எச்சரிக்கைக் கற்கள் இல்லாத நடைமேடையிலிருந்து தவறி விழுந்து பார்வையற்ற ஒருவர் இறந்தார். குடும்பத்தினர் தேசிய ரயில்வே மீது தொடுத்த வழக்கு 1986-இல்தான் சமரசத்தில் முடிந்தது.

பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வடிவங்களை மாற்றிப் பதித்ததால் குழப்பம் பெருகியது. புள்ளிகளின் அளவையும் இடைவெளியையும் ஜப்பான் 2001-இல் தேசியத் தரமாக வரையறுத்தது, 2012-இல் ஐ.எஸ்.ஓ. 23599 என்ற பன்னாட்டுத் தரம் வெளியானது.

எல்லா நாடுகளிலும் ஒரே பொருள்தானா?

பெரும்பாலும் ஆம் என்றாலும், வெளிநாடு செல்பவர்கள் சில வேறுபாடுகளை அறிந்திருப்பது நல்லது. பிரிட்டனில் படிக்கட்டின் முன்னால் புள்ளிகள் இருப்பதில்லை. நடக்கும் திசைக்குக் குறுக்கே செல்லும் உருண்டை முனைக் கோடுகள்தான் அங்கே படிக்கட்டுக்கான எச்சரிக்கை. கோடு என்றால் போகலாம் என்று பழகிய இந்தியப் பயணி இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் சட்டம் வலியுறுத்துவது எச்சரிக்கைப் புள்ளிகளையே. ரயில் நடைமேடை விளிம்பில் அவை 24 அங்குல அகலத்துக்கு இருக்க வேண்டும். ஜப்பானிய நடைமேடைகளில் புள்ளிகளுக்கு உட்புறமாக ஒற்றைக் கோடு ஒன்று ஓடும். புள்ளிகளை மட்டும் மிதித்து நிற்பவருக்குத் தண்டவாளம் எந்தப் பக்கம் என்பது தெரியாமல் போகலாம். அந்தக் கோடு இருக்கும் பக்கம் பாதுகாப்பானது என்று அவர் அறிந்துகொள்கிறார். மிகச் சிறிய மாற்றம்தான்; ஆனால் பயன்படுத்துபவரின் இடத்தில் நின்று யோசித்தவர்களால் மட்டுமே இதைச் செய்திருக்க முடியும்.

கட்டடம் முழுவதும் பட்டை பதிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அப்படிச் செய்வது பல நேரங்களில் தீமையும் கூட. பார்வையற்றவர் ஒருவர் குறுகிய தாழ்வாரத்தில் நடக்கும்போது சுவரே அவருக்கு வழிகாட்டி. கோலின் நுனி சுவரின் அடியைத் தொட்டுக்கொண்டே செல்லும். கதவு வரும் இடத்தில் ஏற்படும் இடைவெளியையும் ஒலியின் மாற்றத்தையும் அவர் கணக்கில் கொள்வார். அங்கே தரைப்பட்டை தேவையில்லை. கதவருகே, கை எட்டும் உயரத்தில் பிரெய்ல் பலகை ஒன்று இருந்தால் போதும்.

சுவரோ விளிம்போ இல்லாத திறந்த வெளியில்தான் திசை தப்பிப்போகிறது. மருத்துவமனையின் வரவேற்புக் கூடம், ரயில் நிலையத்தின் முன்மண்டபம், பேருந்து நிலையத்தின் நடைமேடை, நீதிமன்ற வளாகத்தின் முற்றம் ஆகியவற்றில் பத்து மீட்டர் தூரம் நேராக நடப்பதே கடினம். நாலாபக்கமும் எழும் பேச்சொலியில் காது உதவாது. கோல் தொடுவதற்கு எதுவும் இல்லை. தரைப்பட்டையின் இடம் அதுவே. எனவே கட்டட வரைபடத்தை விரித்ததும் முதலில் கேட்க வேண்டியது, எந்த இடத்தில் மற்றக் குறிகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன என்பதைத்தான்.

பாதையை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும்?

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. இதற்குச் சரியான விடை காணாமல் செய்யப்படும் செலவு வீண் என்பது என் உறுதியான கருத்து.

பாதை என்பது ஒருவர் வந்து இறங்கும் இடத்தில் தொடங்கி, அவர் பேச வேண்டிய மனிதரிடம் முடிய வேண்டும். அதாவது, பேருந்து நிறுத்தமோ ஆட்டோ நிற்கும் இடமோ வாசலுக்கு அருகில் இருந்தால் அங்கிருந்தே பட்டை தொடங்கி, வளாக வாயில், பிரதான நுழைவு வழியாகப் பணியாளர் ஒருவர் எப்போதும் இருக்கும் விசாரணை மேசை வரை விடுபடாமல் செல்ல வேண்டும். அங்கிருந்து மின்தூக்கி, படிக்கட்டு, கழிப்பறை ஆகிய மூன்றுக்கும் கிளைகள் பிரிய வேண்டும். இவற்றுக்கு அப்பால் செல்லும் பாதைகள் கட்டடத்தின் தன்மையைப் பொறுத்தவை: மருத்துவமனையில் மருந்தகம், வங்கியில் பணப்பிரிவு, ரயில் நிலையத்தில் பணியாளர் உள்ள அகலமான நுழைவுக் கதவு.

கிளை பிரியும் இடத்திலும் செங்கோணத் திருப்பத்திலும் புள்ளி டைல்களைச் சதுரமாகப் பதித்து, நடப்பவரை நிறுத்தி, அடுத்த கோடு எந்தப் பக்கம் போகிறது என்று கோலால் தேட விட வேண்டும். வளைவுகளைத் தவிர்த்து நேர்கோடுகளாலும் செங்கோணங்களாலும் பாதையை அமைப்பதே நல்லது; மனத்தில் வரைபடமாக வைத்துக்கொள்ள அதுதான் எளிது. பட்டையின் இருபுறமும் குறைந்தது 600 மி.மீ. வெற்றிடம் தேவை. தூண், பூந்தொட்டி, நாற்காலியின் கால், தண்ணீர் கேன் எதுவும் அந்த எல்லைக்குள் வரக் கூடாது.

இந்தியாவில் அடிக்கடி காணப்படும் நிலை வேறு. வாயிலில் அழகாகத் தொடங்கும் பட்டை கண்ணாடிக் கதவோடு நின்றுவிடும். வெளித் தளம் ஓர் ஒப்பந்ததாரருடையது, உட்தளம் இன்னொருவருடையது என்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். கதவுவரை நம்பி வந்தவர், உள்ளே பளபளப்பான கிரானைட் தரையில் எந்தத் திக்கும் தெரியாமல் நிற்கிறார். பட்டை இல்லாத கட்டடத்துக்கு அவர் துணையோடு வந்திருப்பார். பாதியில் நிற்கும் பட்டை அவரைத் தனியாக அழைத்துவந்து கைவிடுகிறது.

படிக்கட்டு, மின்தூக்கி, நகரும் படிக்கட்டு ஆகியவற்றின் முன்னால் எப்படிப் பதிக்க வேண்டும்?

படிக்கட்டின் மேலேயும் கீழேயும் புள்ளி வரிசை வேண்டும். முதல் படியை ஒட்டி வைக்காமல் சுமார் 300 மி.மீ. முன்னதாகவே வைப்பது இந்திய வழிகாட்டுதல்களில் உள்ள நடைமுறை. எச்சரிக்கையை உணர்ந்து கால் நிற்பதற்கு அந்த இடைவெளி தேவை. புள்ளி வரிசை மிகவும் ஒடுங்கியிருந்தால் ஒரே எட்டில் அதைத் தாண்டிவிட முடியும் என்பதால், இரண்டு டைல் ஆழம், அதாவது 600 மி.மீ. இருப்பது பாதுகாப்பானது. இறங்கும் பக்கத்து எச்சரிக்கைதான் உயிர் காப்பது. நான் பார்த்தவரை மறக்கப்படுவதும் பெரும்பாலும் அதுவே, ஏனெனில் திறப்பு விழாவுக்கு வருபவர்கள் கீழிருந்து ஏறுகிறார்கள்.

மின்தூக்கியில் பாதை கதவின் நடுவில் முடியாமல், அழைக்கும் பொத்தானுக்கு முன்னால் முடிய வேண்டும். நகரும் படிக்கட்டின் இரு முனைகளிலும் எச்சரிக்கைப் புள்ளிகள் இருக்கட்டும். கோட்டுப் பாதையை அதை நோக்கி இழுக்காமல் மின்தூக்கிக்கும் சாதாரணப் படிக்கட்டுக்கும் கொண்டுசெல்வதே நல்லது. சாய்தளத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் புள்ளிகள் போதும். சரிவின் மேல் எதையும் பதிக்கக் கூடாது.

பட்டை ஏன் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது? கட்டடத்தின் அழகுக்கு ஏற்ற நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாமா?

பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பலருக்கு வெளிச்சமும் நிறமும் ஓரளவு தெரியும். அவர்களுக்கு மஞ்சள் தொலைவிலிருந்தே புலப்படும் என்பதால் அந்த நிறம் வழக்கமாயிற்று. ஆனால் நிறத்தின் பெயரைவிட, சுற்றியுள்ள தரையோடு அதற்குள்ள ஒளிர்வு வேறுபாடுதான் முக்கியம். ஆஸ்திரேலியத் தரம் இதை எண்களில் வைக்கிறது: முழு டைலும் ஒரே நிறமாக இருந்தால் குறைந்தது 30 விழுக்காடு வேறுபாடு, தனித்தனிக் குமிழ்களாகப் பதித்தால் 45, இரண்டு நிறங்கள் கலந்த குமிழ்களானால் 60. வெளிர் கிரீம் நிற விட்ரிஃபைடு (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட) டைல் தரையில் மஞ்சள் பட்டை கிட்டத்தட்ட மறைந்துபோகும். அங்கே அடர்நிறப் பட்டையோ, மஞ்சளின் இருபுறமும் கறுப்புக் கரையோ வேண்டும்.

கட்டட வடிவமைப்பாளர்கள் சிலர் விரும்பும் துருப்பிடிக்காத எஃகுக் குமிழ்கள் சாம்பல் கிரானைட்டின் மேல் பகட்டாக இருக்கும். அவற்றின் மீது விளக்கொளி பட்டுத் தெறிக்கையில், குறைந்த பார்வை உள்ளவருக்கு அங்கே பட்டை இருப்பதே தெரியாது. அழகுக்காக இதில் விட்டுக்கொடுப்பதை நியாயப்படுத்த முடியாது.

எந்தப் பொருளில் செய்யப்பட்டவை நல்லவை?

வெளிப்புறத்தில் சிமென்ட் கான்கிரீட் அல்லது விட்ரிஃபைடு டைல்கள் நீடித்து உழைக்கும். உட்புறத்தில், ஏற்கெனவே உள்ள தரையை உடைக்காமல் ஒட்டக்கூடிய பாலியூரித்தேன் அல்லது ரப்பர் பட்டைகள் வசதியானவை. ஒட்டுவதற்கு முன் தரையிலுள்ள மெழுகையும் தூசியையும் முற்றிலும் நீக்க வேண்டும்; இல்லாவிட்டால் தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கும் இடங்களில் ஓரம் எழும்பி, கால் தடுக்கும். மேற்பரப்பு ஈரத்திலும் வழுக்காததாக இருக்க வேண்டும். வாங்கும்போதே நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது விவேகம். உடைந்த இடத்தில் கையில் கிடைத்த வேறு வகை டைலை வைத்து அடைப்பதால்தான் கோட்டுப் பாதையின் நடுவே காரணமற்ற புள்ளிகள் தோன்றுகின்றன.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது இடையூறாகாதா?

ஓரளவு ஆகும். புடைப்பின் மேல் சக்கரம் செல்லும்போது ஏற்படும் அதிர்வு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு வலி தரக்கூடியது. ஊன்றுகோலின் முனையும் வழுக்கலாம். புடைப்பின் உயரம் 5 மி.மீ. அளவில் நிறுத்தப்பட்டதன் காரணம் இதுவே: பாதம் உணரப் போதுமான உயரம், சக்கரத்தை நிறுத்திவிடாத உயரம். பாதைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி செல்லும் அளவு சமதளம் விட்டுவிட்டால் இரு தரப்பினரும் தடையின்றிச் செல்லலாம். வழி ஒடுங்கிய இடத்தில் பட்டையை நடுவில் போடாமல் ஒரு பக்கமாக நகர்த்துவது உதவும்.

இந்தியாவில் இது சட்டப்படி கட்டாயமா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பொதுக் கட்டடங்கள் அனைத்தும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. அரசுக் கட்டடம், தனியார் கட்டடம் என்ற பாகுபாடு இதில் இல்லை. பொதுமக்கள் வந்து செல்லும் இடம் என்றால் அது பொதுக் கட்டடமே. அணுகல் விதிகளுக்கு இணங்காத வரைபடத்துக்குக் கட்ட அனுமதியும், கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றிதழும் தரக் கூடாது என்று 44-ஆம் பிரிவு கூறுகிறது. ஏற்கெனவே உள்ள கட்டடங்களை, இச்சட்டத்தின்கீழ் வகுக்கப்படும் விதிகள் வெளியான 5 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும் என்று 45-ஆம் பிரிவு கூறுகிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஆகவே அந்தக் கெடு 2022-இல் முடிந்துவிட்டது.

தொடு தரைப்பட்டைகளின் விவரங்கள் மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டுதல்களில் உள்ளன. பார்வைக் குறைபாடு உடைய ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பரிந்துரைகளாக மட்டும் எழுதப்பட்ட வழிகாட்டுதல்களைச் சார்ந்திருக்கும், 2017-ஆம் ஆண்டு விதிகளின் 15(1)-ஆம் விதி, சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது என்று கூறியது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவற்றைத் தனியே பிரித்து 3 மாதங்களுக்குள் வரையறுக்குமாறு மத்திய அரசுக்கு அது உத்தரவிட்டது. நல்லெண்ணத்தை நம்பி இருந்த ஒன்றை உரிமையாக்கிய தீர்ப்பு என்று இதைச் சொல்லலாம்.

பதித்த பிறகு வேறு என்ன செய்ய வேண்டும்?

பாதையை வெறுமையாக வைத்திருக்க வேண்டும். இது எளிதாகத் தோன்றினாலும் நடைமுறையில் தோற்கும் இடம் இதுதான். திருவிழாவுக்குப் போடும் கம்பளம், வாசலில் நிறுத்தும் மெட்டல் டிடெக்டர் சட்டம், வரிசைக்காகக் கட்டும் கயிறு, விளம்பரப் பலகை, செருப்பு அடுக்கு, பட்டைமேல் நிறுத்தப்படும் இருசக்கர வாகனம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று நாள்தோறும் பாதையை மறிக்கும். வைப்பவர்களுக்கு அந்தப் பட்டை எதற்கு என்று யாரும் சொல்லியிருப்பதில்லை. எனவே காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் வேலையில் சேரும்போதே விளக்கிச் சொல்லி, காலையில் கட்டடம் திறக்கும்முன் பாதையை ஒருமுறை நடந்து பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

செல்பேசிச் செயலிகள் வந்துவிட்டபின் தரைப்பட்டை எதற்கு?

செயலிக்கு மின்னூட்டமும் இணையமும் வேண்டும். கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் வழி இடமறிதல் துல்லியமாக இயங்குவதில்லை. ஐ.ஐ.டி. டெல்லியில் உருவாக்கப்பட்டு, சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தால் தயாரிக்கப்படும் ஸ்மார்ட்கேன் என்ற கருவி, சாதாரணக் கோலுக்குத் தட்டுப்படாமல் முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தடைகளை அதிர்வின் மூலம் அறிவிக்கிறது. மிகவும் பயனுள்ள கருவிதான். ஆனால் மருந்தகம் எந்தத் திசையில் என்பதை அது சொல்லாது. இவை ஒன்றுக்கொன்று துணையானவை.

சரியாகப் பதிக்கப்பட்டுள்ளதா என்று எப்படிச் சோதிப்பது?

வெள்ளைக்கோலுடன் நடக்கப் பழகிய பார்வையற்றவர்கள் சிலரையும், குறைந்த பார்வை உள்ளவர்கள் சிலரையும் உரிய ஊதியம் கொடுத்து அழைத்து, வழி சொல்லாமல், வாயிலிலிருந்து குறிப்பிட்ட இடத்துக்குச் செல்லுமாறு கேட்க வேண்டும். பொறியாளர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பது இதற்கு ஈடாகாது, ஏனெனில் கோலைப் பயன்படுத்தும் பயிற்சி அவருக்கு இல்லை. ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை வழங்குவதற்கு முன்பே இந்தச் சோதனை நடக்க வேண்டும். இன்னும் நல்லது, டைல் வாங்குவதற்கு முன்பே தரையில் சுண்ணாம்பால் பாதையை வரைந்து, அவர்களோடு நடந்து கருத்துக் கேட்பது.

பட்டை இல்லாத, அல்லது தவறாகப் பதித்த கட்டடத்தைக் கண்டால் யாரிடம் முறையிடுவது?

முதலில் கட்டடத்தின் நிர்வாகத்துக்கு, இடத்தையும் நாளையும் குறிப்பிட்டுப் படத்தோடு எழுத்து மூலம் தெரிவியுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட சுகம்ய பாரத் செயலியிலும் படத்தைப் பதிவேற்றிப் புகார் செய்யலாம். சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. புகாரில் “பட்டை சரியில்லை” என்று பொதுவாக எழுதுவதைவிட, “பிரதான நுழைவிலிருந்து விசாரணை மேசை வரை பட்டை இல்லை”, “முதல் தளத்திலிருந்து இறங்கும் படிக்கட்டின் மேல்முனையில் எச்சரிக்கைப் புள்ளிகள் இல்லை” என்று குறிப்பாக எழுதுங்கள். அப்படி எழுதினால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்பதும் உடனே தெளிவாகிவிடும்.